தயவுசெய்து கட்டத்துக்குள் எழுதவும்

சீன எழுத்தைக் கண்டுபிடித்தவர் சாங்ஜியே என்பது அந்த ஊர்ப் புராணம். மஞ்சள் பேரரசரின் அரசவையில் குறிப்பெழுதும் உத்தியோகம். அவருக்கு நான்கு கண்கள். பறவைகளின் காலடித் தடத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துகளை உண்டாக்கினாராம். உண்டாக்கி முடித்த அன்று வானத்திலிருந்து தானியம் கொட்டியது. இரவெல்லாம் பேய்கள் அழுதன. தானியம் எதற்கு, அழுகை எதற்கு என்று உரையாசிரியர்கள் இரண்டாயிரம் வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த நான்கு கண்கள்தான். நான்கு கண் உள்ளவர் தன் வசதிக்கு ஓர் எழுத்தைச் செய்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு கண்ணோடு பிறந்தவர்கள் அதைப் படித்தாக வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரு கண்கூட இல்லாத கணினியின் முன்னால் அதைக் கொண்டுபோய் வைத்து, "எங்கே, படி பார்க்கலாம்" என்றார்கள்.

கணினியைத் திட்டுவதற்கு முன், எழுதியவர்களின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம்.

353ஆம் ஆண்டு, வசந்த காலம். வாங் ஷிஜி என்ற அதிகாரி நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு, இன்றைய ஷாவோஷிங் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்தார். கிண்ணத்தில் மதுவை ஊற்றி ஓடையில் மிதக்க விடுவார்கள். கிண்ணம் யார் முன்னால் ஒதுங்குகிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும். வராவிட்டால் குடிக்க வேண்டும். (வந்தாலும் குடித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.) அன்றைய கவிதைகளுக்கு வாங் ஷிஜி ஒரு முன்னுரை எழுதினார். சீனக் கையெழுத்துக் கலையின் சிகரம் என்று இன்றுவரை கொண்டாடுவது அதைத்தான். அதில் ஒரே எழுத்து இருபது தடவை வருகிறது, ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ரசிகர்கள் உருகுவதே இதற்காகத்தான். மறுநாள் போதை தெளிந்து அவரே திரும்ப எழுதிப் பார்த்தார், பழைய அழகு வரவில்லை என்றும் ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் டாங் பேரரசர் டைசோங் அந்த மூலப்பிரதிமேல் பித்தாகி, அதை வைத்திருந்த பிக்குவிடம் ஆள் அனுப்பி, நயவஞ்சகமாகப் பேசிப் பறித்து, தான் செத்தபோது கூடவே புதைக்கச் சொல்லிவிட்டார் என்கிறார்கள்.

அதே டாங் காலத்தில் ஜாங் ஷு என்றொருவர். குடித்துவிட்டுக் கூச்சல் போட்டு ஓடுவார், பிறகு உட்கார்ந்து எழுதுவார். தூரிகை கைக்கு எட்டாவிட்டால் தலைமுடியை மையில் முக்கி எழுதுவார். தெளிந்த பிறகு பார்த்து, இது தெய்வச் செயல் என்பார். பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் புகார் போகும். அங்கே கலை வரலாற்றில் இடம் கொடுத்தார்கள்.

இவர்கள் எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவர் சோங் காலத்து முதலமைச்சர் ஜாங் ஷாங்யிங். அவருக்கும் கிறுக்கெழுத்தில் மோகம். ஒருநாள் வேகம் வந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளி, நகலெடுக்கச் சொல்லி அண்ணன் மகனிடம் கொடுத்தார். பையன் பாதியில் திணறி, ஓர் இடத்தைக் காட்டி, "இது என்ன எழுத்து?" என்று கேட்டான். முதலமைச்சர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. உடனே பையன்மேல் பாய்ந்தார்: இதை முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா, இப்போது எனக்கே மறந்துவிட்டதே! சோங் காலக் குறிப்பு நூல் ஒன்றில் இருக்கிறது இந்தச் சம்பவம். எழுதியவனுக்கே புரியாததை இயந்திரம் படிக்க வேண்டும் என்பதுதான் கணினிக்குக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் துறையின் ஆரம்பக் கோரிக்கை.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் இருந்தன. இயந்திரத்துக்கு எழுத்தைக் கற்றுக்கொடுப்பது ஒன்று. மனிதனைத் திருத்துவது மற்றொன்று. நூறு வருடத்துக்கும் மேலாகப் பெரிய மனிதர்கள் முயன்றதெல்லாம் இரண்டாவது வழியைத்தான்.

முதல் ஆள் ஜப்பானில் மாயேஜிமா ஹிசோகா. 1866இன் கடைசியில், அப்போது நாட்டை ஆண்ட ஷோகனுக்கு ஒரு மனு கொடுத்தார். நாட்டில் கல்வி பரவ வேண்டும் என்றால், சீனாவிலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளை ஒழித்துவிட்டு, ஒலிக்கு ஒன்றாக இருக்கும் கானா எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது கோரிக்கை. கான்ஜியை ஒழிக்கச் சொன்ன அந்த மனுவை அவர் கான்ஜி கலந்துதான் எழுதியிருந்தார். வேறு எப்படி எழுதினாலும் ஷோகனின் ஆட்கள் படித்திருக்க மாட்டார்கள். ஒரு வருடம் ஆவதற்குள் ஷோகன் ஆட்சியே முடிந்துவிட்டது. எழுத்து இருந்த இடத்தில் இருந்தது. மாயேஜிமா சளைக்கவில்லை. 1873இல் கான்ஜியே இல்லாமல், கானாவில் ஒரு வகையான ஹிரகானாவில் ஒரு நாளிதழ் தொடங்கினார். கான்ஜி தெரிந்தவர்களுக்கு அது வேண்டாம். கான்ஜி தெரியாதவர்களுக்கு நாளிதழே வேண்டாம். மறு வருடமே கடையைக் கட்டினார்.

இதற்கு நடுவில் 1871இல் ஜப்பானுக்கு ஒரு தபால் துறையை அமைத்துக் கொடுத்திருந்தார். அது ஓடியது. இன்றும் ஜப்பானின் ஒரு யென் தபால்தலையில் இருப்பது அவர் முகம்தான். இந்தத் தபால் துறையை மறந்துவிடாதீர்கள், பின்னால் திரும்ப வரும்.

சீனாவிலும் சும்மா இருக்கவில்லை. 1918இல் மொழியறிஞர் சியென் ஷுவான்டோங், சீன எழுத்தையே தூக்கி எறியச் சொன்னார். பிற்பாடு வந்த பொதுவுடைமை அரசு எறியவில்லை, கத்தரித்தது. 1956இல் எழுத்துகளை எளிமையாக்கியது ஊன்றிக்கொண்டது. 1977இல் இன்னொரு சுற்று கத்தரித்தார்கள். ஜனங்கள் முகம் சுளித்தார்கள். 1986இல் "சரி, வேண்டாம்" என்று திரும்பப் பெற்றார்கள். நடுவில் அந்த ஒன்பது வருடத்தில் பள்ளிக்கூடம் போன குழந்தைகளிடம் யாராவது மன்னிப்புக் கேட்டிருப்பார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இந்த ஒழிப்பாளர்களுக்கு நடுவில், இயந்திரத்தைத் திருத்தலாம் என்று கிளம்பிய அபூர்வ ஜீவன் லின் யூடாங். அமெரிக்காவில் புத்தகங்கள் சக்கைபோடு போட்ட சீன எழுத்தாளர். சம்பாதித்ததை எல்லாம் ஒரு சீனத் தட்டச்சுப்பொறியில் கொட்டினார், பிறகு கடன் வாங்கியும் கொட்டினார். 1947இல் பொறி தயாரானது. மொத்தம் 72 விசைகள். எழுத்தின் மேல்பகுதி எப்படி இருக்கிறது என்று ஒரு விசை, கீழ்ப்பகுதிக்கு ஒரு விசை. உடனே ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னலில் எட்டு எழுத்துகள் தோன்றும். வேண்டியதை எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று கைப்பேசியில் விரலால் கிறுக்கினால் "இதுவா, அதுவா" என்று வரிசையாகக் காட்டுகிறதே, அந்த யோசனை அப்போதே ஒரு நாவலாசிரியர் வீட்டில் பல்சக்கரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரெமிங்டன் நிறுவனத்தார் முன்னால் செய்து காட்ட மகளை அழைத்துக்கொண்டு போனார். மகள் விசையை அழுத்தினாள். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். அறை முழுக்க அமைதி. அந்தப் பொறி சந்தைக்கே வரவில்லை.

கணினி வந்தது. 1966இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ரிச்சர்ட் கேஸியும் ஜார்ஜ் நாகியும் ஆயிரம் சீன எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும்படி செய்து கட்டுரை வெளியிட்டார்கள். அச்செழுத்து, கையெழுத்து இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மாதிரி வடிவத்தை வைத்துக்கொண்டு, வந்ததை மேலே பொருத்திப் பார்ப்பது. ஆயிரத்தோடும் ஒவ்வொன்றாகப் பொருத்தினால் பொழுது விடிந்துவிடும் என்று, முதலில் ஒரு கூட்டத்தைப் பிரித்து, பிறகு அதற்குள் தேடும் இரண்டு கட்டத் தந்திரம். புத்திசாலித்தனம்தான். ஆனால் அச்சு ஒழுங்காக இருந்தால்தான் செல்லும். ஜாங் ஷுவின் தலைமுடிக்கு முன்னால் நிற்காது.

நாம் 247 எழுத்து என்று சொல்லிக் குழந்தைகளை மிரட்டுகிறோம். பெங்களூரில் ஹெச்பி ஆய்வகம் தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியபோது 156 வடிவங்களில் கதையை முடித்துக்கொண்டார்கள். 1716இல் முடிந்த காங்ஷி அகராதியில் இருப்பது 47,035 எழுத்துகள். பெரும்பாலானவை யாரும் தொடாதவை என்றாலும், சாதாரணமாகப் பத்திரிகை படிக்கவே இரண்டு மூன்றாயிரம் வேண்டும். அவற்றிலும் சில, வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறவை. ஒரு நெடுங்கோடு, அதன்மேல் இரண்டு குறுக்குக் கோடுகள், கீழே இரண்டு சாய்வுகள். மேல்கோடு நீளமாக இருந்தால் "முடிவு" என்று பொருள். கீழ்க்கோடு நீளமாக இருந்தால் "இன்னும் இல்லை". அரசு அலுவலகக் கோப்பில் இந்த இரண்டும் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் ஆகாது, ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இன்னும் மூன்று எழுத்துகள் இருக்கின்றன, அச்சு அசல் ஒன்றே. இடதுபக்க இடைவெளி திறந்திருக்கிறதா, பாதி மூடியிருக்கிறதா, முழுசாக மூடியிருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அவசரத்தில் எழுதுகிற மனிதன் பேனாவைச் சரியாக அந்தப் பாதியில் நிறுத்துவான் என்று நம்பித்தான் நாகரிகம் நடக்கிறது.

சரி, தபால் துறைக்கு வருவோம். 1960களில் ஜப்பானில் கடிதங்கள் மலையாகக் குவிந்தன. முகவரியைப் படித்துப் பிரிக்க ஆள் போதவில்லை, இயந்திரமோ கான்ஜியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டது. தோஷிபா நிறுவனம் கையால் எழுதிய எண்களை மட்டும் படிக்கும் இயந்திரத்தைச் செய்து கொடுத்தது. உடனே அரசாங்கம் என்ன செய்தது? 1968 ஜூலை 1 முதல் ஜப்பான் முழுவதற்கும் அஞ்சல் குறியீட்டு எண் என்று அறிவித்தது. உறைகளில் சிவப்புக் கட்டங்கள் அச்சாகின. ஒரு கட்டத்துக்கு ஓர் எண். கோட்டைத் தொடாதே, வெளியே போகாதே, ஏழை ஒன்று போல எழுதாதே. பத்துக் கோடி ஜனங்கள் ஓர் இயந்திரத்துக்காகக் கையெழுத்தைத் திருத்திக்கொண்டார்கள். மாயேஜிமாவின் மனு நூறு வருடம் கழித்து அவர் ஆரம்பித்த துறையிலேயே, உறையின் ஒரு மூலையில் மட்டும், நிறைவேறியது.

அதே தோஷிபா 1978இல் இன்னொரு காரியம் செய்தது. ஒலியைத் தட்டினால் கான்ஜியாக மாற்றிக் கொடுக்கும் முதல் ஜப்பானியச் சொற்செயலி. மேசை அளவு, விலை 63 லட்சம் யென். அப்போது யாரும் இதைக் கையெழுத்தின் எதிரியாகப் பார்க்கவில்லை. 63 லட்சம் யென் கொடுத்து எவன் வாங்கப்போகிறான் என்ற தைரியம்.

கையெழுத்தைப் படிக்க வைக்க, ஜப்பான் அரசு 1971இலிருந்து பத்து வருடம் ஒரு தேசியத் திட்டம் நடத்தியது. அதோடு சம்பந்தப்பட்ட மின்தொழில்நுட்ப ஆய்வகம், பிற்பாடு உலகமே பயன்படுத்திய கையெழுத்துத் தொகுப்புகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்பதாவது தொகுப்பில் 3,036 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் 200 மாதிரி, ஆக 6,07,200 கையெழுத்துகள். எல்லாம் படிவத்தில், கட்டம் கட்டமாக. கட்டத்துக்குள் எழுதச் சொல்லி வாங்கிய எழுத்தைக் கணினிக்குக் காட்டி, இதுதான் மனிதர்கள் எழுதும் விதம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வகுப்பைப் பார்த்தவர் மாதிரி ஆனது அந்தக் கணினி. 1987இல் கிமுரா ஃபுமிதாகாவும் சகாக்களும் கொடுத்த கணக்கு முறைதான் அதைக் கொஞ்சம் தேற்றியது. எழுத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று முறைக்காதே, எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனி. ஒவ்வோர் எழுத்தும் மனிதக் கையில் எந்தப் பக்கம் அதிகம் வழுக்கும் என்பதைக் கணக்கில் வை என்ற இரண்டு உபதேசங்களும் சேர்ந்து, அடுத்த இருபது வருடத்துக்குச் சோறு போட்டன.

எழுத்தை அடையாளம் காண்பதற்கு முன்னால் இன்னொரு சடங்கு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க வேண்டும், எண் இல்லாவிட்டால் கணினியைப் பொறுத்தவரை அது பிறக்கவே இல்லை. இங்கேதான் சாங்ஜியே காலத்துப் பேய்கள் திரும்பி வந்தன.

ஜப்பான் 1978இல் கான்ஜிக்கான தேசியத் தரப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 6,349 எழுத்துகள். ஊர்ப் பெயர்கள், ஆள் பெயர்கள், அகராதிகள் என்று பல பட்டியல்களிலிருந்து பொறுக்கியவை. கொஞ்ச காலம் கழித்து யாரோ கவனித்தார்கள்: இதில் சில எழுத்துகள் எந்த அகராதியிலும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை, என்ன பொருள், எப்படி உச்சரிப்பது, ஒருவருக்கும் தெரியவில்லை. பேய் எழுத்துகள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. 1990களில் துப்பறியக் கிளம்பினார்கள். ஒன்றின் பூர்வீகம் சிக்கியது. மேலே "மலை", கீழே "பெண்" என்று அமைந்த ஓர் எழுத்து ஒரு குக்கிராமத்தின் பெயரில் வருகிறது. பட்டியல் தயாரித்தவரிடம் அந்த அச்செழுத்து இல்லை. "மலை"யையும் "பெண்"ணையும் காகிதத்தில் வெட்டி ஒட்டி நகலெடுத்தார். ஒட்டிய காகிதத்தின் விளிம்பு நிழல் நகலில் ஒரு குறுக்குக் கோடாக விழுந்தது. அடுத்து வந்தவர் கோட்டையும் சேர்த்து எழுதினார். நிழலுக்கு அரசாங்க எண் கிடைத்தது. பிற்பாடு உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடும் அதை மரியாதையோடு வாங்கி வைத்துக்கொண்டது, இனி உலகம் உள்ளவரை அதற்குச் சாவில்லை. இன்னொரு பேய் எழுத்தின் பூர்வீகம் இன்றுவரை பிடிபடவில்லை.

ஜப்பானில் இல்லாத எழுத்துக்கு எண் கொடுத்தார்கள். சீனாவில் இருந்த மனிதருக்கு எண் கொடுக்க மறந்தார்கள். 1980இல் சீன அரசு 6,763 எழுத்துகளுக்கு எண் வழங்கியது. போதும் போதும் என்று நினைத்திருப்பார்கள். 1998இல் ஜூ ரோங்ஜி பிரதமரானார். "ரோங்" என்ற எழுத்து பட்டியலில் இல்லை. நூற்றிருபது கோடி ஜனங்களின் பிரதமர், ஊழல் அதிகாரிகளைக் கிடுகிடுக்க வைத்தவர், கணினியில் அவர் பெயர் நடுவில் ஓட்டை. பத்திரிகைக்காரர்கள் "உலோகம்" என்ற எழுத்தைப் பாதியாக ஒட்டினார்கள், அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டார்கள், என்னென்னவோ செய்தார்கள். பிரதமர் பெயரை மாற்றிக்கொள்ளும்படி அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் பட்டியல்தான் பெரிதானது. எனக்குத் தெரிந்து, மனிதன் வளையாமல் இயந்திரம் வளைந்த முதல் சந்தர்ப்பம் இதுதான். அதற்கு ஆள் பிரதமராக இருக்க வேண்டியிருந்தது.

1993இல் ஒரு வேடிக்கை. ஆகஸ்டில் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. பேனாவால் திரையில் எழுதினால் படித்துக்கொள்ளும் என்று ஊரெல்லாம் தமுக்கடித்தார்கள். 26 எழுத்துள்ள மொழி. அது படித்த அழகைப் பார்த்து அந்த மாதமே ஒரு பிரபல செய்தித்தாள் சித்திரத் தொடர் நாறடித்துவிட்டது: கதாபாத்திரம் "புரிகிறதா" என்ற அர்த்தத்தில் எழுத, கருவி முட்டை, மச்சம் என்று என்னத்தையோ படித்துக் காட்டுகிறது. அதற்குப் பிறகு நியூட்டன் என்ன செய்தாலும் ஜனங்கள் சிரித்தார்கள். அக்டோபரில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் ஸாரஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான எழுத்துள்ள மொழி. அது நன்றாகப் படித்தது, நன்றாகவும் விற்றது.

ஏன்? திரும்பவும் கட்டம்தான். ஆங்கிலத்தைக் கோர்த்து எழுதுகிறவன் கையெழுத்தில் ஓர் எழுத்து எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பதே முதல் சண்டை. கான்ஜியில் அந்தச் சண்டை இல்லை; ஒரு கட்டம், ஓர் எழுத்து. சதுரத்துக்குள் எழுதிப் பழகிய கை வேறு. அதோடு பேனா திரையில் போகும்போது கோடுகள் எந்த வரிசையில் விழுகின்றன என்பதும் கருவிக்குத் தெரியும். சீன எழுத்தில் கோட்டு வரிசை சும்மா இல்லை, ஆசிரியர் பிரம்போடு நின்று கற்றுக்கொடுத்தது. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். நூறு வருடமாகக் குழந்தைகளைப் படுத்திய அந்தக் கண்டிப்பு, திடீரென்று ஒரு கருவிக்குத் துப்பாக மாறியது. என்ன, இதிலும் ஊருக்கு ஊர் வம்பு இருக்கிறது. "வலது" என்ற எழுத்தை ஜப்பானில் சாய்கோட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள், சீனாவில் குறுக்குக் கோட்டிலிருந்து. "இடது" என்றால் இரண்டு நாடும் குறுக்குக் கோடுதான். இடது விஷயத்தில் ஒத்துப்போகிறவர்கள் வலது விஷயத்தில் பிரிந்துவிடுகிறார்கள் என்று இதற்கு அரசியல் விளக்கம் கொடுக்க ஆசையாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

காகிதத்தில் எழுதி முடித்துவிட்ட கையெழுத்துதான் கடைசிவரை அடங்கவில்லை. அங்கே வரிசை கிடையாது, மை மட்டும்தான். அதை அடக்கிய ஆயுதம் ஜப்பானிலேயே உருவாகி, கேட்பாரற்றுக் கிடந்தது. என்ஹெச்கே என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த புகுஷிமா குனிஹிகோ 1980இல் ஒரு செயற்கை நரம்பு வலையைப் பற்றி எழுதினார். பூனையின் மூளை எப்படிப் பார்க்கிறது என்று ஹியூபெல், வீசல் என்ற இருவர் கண்டு சொன்னதைப் படித்துவிட்டு, அதே மாதிரி அடுக்கடுக்காக ஒன்றை அமைத்தார். முதல் அடுக்கு சின்னச் சின்னக் கோடுகளைக் கவனிக்கும், அடுத்தது கோடுகளின் சேர்க்கையை, அதற்கடுத்தது இன்னும் பெரிய வடிவத்தை. எழுத்து கொஞ்சம் நகர்ந்தாலும் நசுங்கினாலும் அசராது. கையால் எழுதிய எண்களை அது படித்தது. தொலைக்காட்சி நடத்துகிறவர்களுக்கு இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்தக் காலத்து நிறுவனங்களில் நிர்வாகம் கொஞ்சம் அசந்திருந்ததால் நடந்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று. ஆனால் மூவாயிரம் எழுத்துக்கு அதை ஓட்ட அன்றைய கணினிகளுக்குத் தெம்பில்லை. சிறுவர்கள் வீடியோ விளையாட்டு ஆடுவதற்காகச் செய்த வரைகலை அட்டைகள் மலிவாகக் கிடைக்க முப்பது வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சீன அறிவியல் கழகத்தின் தானியக்க நிறுவனம் 1,020 பேரை உட்காரவைத்து 39 லட்சம் எழுத்துகளை எழுதி வாங்கியிருந்தது. அதை வைத்துப் போட்டியும் நடத்தியது. 2011இல் பெய்ஜிங்கில் கூடிய மாநாட்டில், காகிதக் கையெழுத்துப் பிரிவில் யார் ஜெயித்தது? சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரத்துக் கோஷ்டி. டான் சிரேஷன், யூர்கன் ஷ்மிட்ஹூபர் முதலானவர்கள். புகுஷிமா வழியில் வந்த நரம்பு வலை, விளையாட்டு அட்டையில் ஓடியது, 3,755 எழுத்துகளில் 92.18 சதவீதம் சரி. கோஷ்டியில் ஒருவருக்கும் சீனம் தெரியாது. ஜான் சர்ல் என்ற தத்துவப் பேராசிரியர் 1980இல், சீனம் தெரியாத ஒருவனை ஓர் அறையில் அடைத்துவைத்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீனத்தில் பதில் எழுதவைப்பதாகக் கற்பனை செய்து, இதற்குப் பெயர் அறிவு இல்லை என்று வாதாடியிருந்தார். லுகானோக்காரர்கள் அந்த அறையிலிருந்து வெளியே வந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

2013இல் மறுபடி போட்டி. இந்தத் தடவை மனிதர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காகிதப் பிரிவில் மனிதர் 96.13 சதவீதம், முதலில் வந்த ஃபுஜித்சு 94.77. நூலிழையில் மானம் பிழைத்தது. பேனா அசைவு தெரியும் பிரிவில் மனிதர் 95.19, இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்துக் கணிதக்காரர் பென் கிரஹாம் செய்தது 97.39. மானம் போயிற்று. 2015இல் ஃபுஜித்சு காகிதப் பிரிவிலும் மனிதரைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது.

அதே 2013இல் சீன மத்தியத் தொலைக்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டி ஒன்றை நடத்தியது. அறிவிப்பாளர் சொல்லச் சொல்லக் கையால் எழுத வேண்டும். அரங்கில் இருந்த பெரியவர்களையும் எழுதச் சொன்னார்கள். "தேரை" என்ற சொல் வந்தது. சரியாக எழுதியவர்கள் சுமார் 30 சதவீதம். மற்றவர்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்கள். ஒலியைத் தட்டினால் எழுத்து தானாக வந்து நிற்கும் வசதி 63 லட்சம் யென்னிலிருந்து இறங்கி இறங்கி, இலவசமாகச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. கைக்கு எழுத்து மறந்துவிட்டது. மாயேஜிமாவும் சியென் ஷுவான்டோங்கும் மனு கொடுத்தும் கட்டுரை எழுதியும் சாதிக்க முடியாததை, யாருடைய எழுத்தையும் ஒழிக்கும் எண்ணமே இல்லாத ஒரு வசதி அலட்சியமாகச் செய்துகொண்டிருக்கிறது.

ஜப்பான் தபால் துறையும் சும்மா இல்லை. 1998இல் குறியீட்டு எண்ணை ஏழு இலக்கமாக்கினார்கள். அதற்குள் இயந்திரங்கள் முகவரியில் உள்ள கான்ஜியையும் படிக்கத் தேறியிருந்தன. படித்து முடித்ததும் உறைமேல் கண்ணுக்குத் தெரியாத மையில் ஒரு பட்டைக்குறியை அச்சடித்துவிடும், அடுத்த இயந்திரம் பார்த்துக்கொள்ள. நாம் எழுதியதை அது படித்துவிட்டது. அது எழுதியதை நம்மால் பார்க்கவே முடியாது.

மிச்சம் இருந்தது ஜப்பானியரின் சொந்தப் பாட்டன் சொத்து. குழைத்துக் கோர்த்து எழுதும் பழைய கையெழுத்து, ஆயிரம் வருடத்துக்கு மேல் புழங்கியது. 1900இல் தொடக்கப் பள்ளிச் சீர்திருத்தத்தில் எழுத்து வடிவத்தைத் தரப்படுத்தியதோடு அது பள்ளியிலிருந்து கழன்றது. நாலைந்து தலைமுறையில் அதைச் சரளமாகப் படிப்பவர்கள் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்குக்கு வந்துவிட்டார்கள். இங்கே கட்டமும் கிடையாது. எழுத்துகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, படத்தைச் சுற்றியும் ஆட்களின் காலடியிலும் வழிந்து ஓடும். நியூட்டன் கருவிக்கு வந்த அதே வயிற்றுவலி. இதற்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் டாரின் கிளனுவத். தாய்லாந்துக்காரர், ஜப்பானுக்கு வந்து பழைய இலக்கியம் படித்தவர். எழுத்தை ஒவ்வொன்றாக வெட்டாமல் பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும் வலையைச் சகாக்களோடு செய்தார். 2019இல் உலகம் முழுவதற்கும் போட்டி வைத்தார்கள். 2021இல் "மிவோ" என்ற செயலி வந்தது. பழைய சுவடியைப் படம் பிடித்தால் ஒவ்வொரு குழைவின்மேலும் இன்றைய எழுத்தைப் பச்சை நிறத்தில் காட்டிவிடும்.

ஆக இன்று டோக்கியோவில் ஒருவர் பரணிலிருந்து கொள்ளுத் தாத்தாவின் பெட்டியை இறக்கி, உள்ளே இருக்கும் காகிதக் கட்டைப் படம் பிடித்து, நொடியில் எழுத்துகளைப் பெற்றுவிடலாம். எழுத்து இருக்கும், மொழி இன்றையது அல்ல. அது கடன் பத்திரமா, காதல் கடிதமா என்று சொல்ல அந்தச் செயலிக்குத் தெரியாது. அதற்கு ஒரு பேராசிரியரைத் தேடிப்போக வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செயலி கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு, மூலக் காகிதத்தைக் கேட்பார்.